தென்னந்தோப்பு எஞ்சின்

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற உடைமைகளுள் ஒரு பழைய பெட்ரோல் எஞ்சினும் உண்டு. தண்ணீர் இறைக்கும் பம்போடு இணைந்தது. இருவர் தூக்கினால் நகரும் எடை கொண்டது. எண்பதுகளின் இறுதியில், எவரோ பயன்படுத்தி விற்றதை அவர் வாங்கிவந்தார். அக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களே மிகுதி. எங்களுடையதோ பெட்ரோலில் மட்டுமே ஓடுவது. “செலவு கூடுதலான சம்சாரி” என்று தந்தையார் அதைக் கேலி செய்வார். ஆனால் வேறொருவர் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

கட்டுமாவடி, பாக் நீரிணையை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில் உள்ள ஊர். கடலுக்கு இத்தனை அருகில் இருந்தும் எங்கள் தோப்புக் கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு. மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால் வரும் கொடை அது. அளவோடு இறைத்தால் இனிக்கும். பேராசைப்பட்டு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். பின்னாளில் மின்சார மோட்டார் வந்தது. எஞ்சின் கொட்டகையின் மூலைக்குப் போயிற்று.

உடன்பிறந்தோர் இருவர் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. எங்களுள் மூத்தவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்றவர். இளையவர் தோப்பைப் பார்ப்பவர். இதில் ஓர் இடத்தில் ‘அந்தச் சொல்லைச் சொன்னவர் யார்?’ என்று வாசகர்கள் அறிய விரும்பக்கூடும். அதைப் பிரித்துச் சொல்வதாயில்லை. ஒருவர் சொன்னார், மற்றவர் தடுக்கவில்லை.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை, கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அவ்விரவைப் பற்றி நம் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது எங்கள் தோப்பின் அறுபத்திரண்டு தென்னைகளில் நாற்பத்தொன்று படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் தெருநெடுகிலும் ஒடிந்து, கம்பிகள் வேலிமேல் தொங்கின. மின்சாரம் டிசம்பர் இரண்டாம் வாரத்தில்தான் எங்கள் தெருவுக்குத் திரும்பிற்று. மோட்டார் இயங்காத ஊரில் குடிநீர் இல்லை. தோப்புக் கிணற்றை நாடித் தெருவே குடங்களோடு வந்தது. அப்போதுதான் மூலையிலிருந்த எஞ்சின் நினைவுக்கு வந்தது.

அதை நாங்கள் அடியோடு கைவிட்டிருக்கவில்லை. தந்தையாரின் நினைவாக ஆண்டுக்கொரு முறை துடைப்போம். கடற்காற்றில் இரும்பு இற்றுப்போகும் என்பதால், அவ்வாண்டு கோடையில் டேங்க் முழுவதையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, நீலநிற எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்துச் சாக்கு போர்த்தி வைத்திருந்தோம். பார்க்கப் புதிதுபோல் இருந்தது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாங்கள் நினைவில் வைக்கவில்லை.

புயலுக்கு மறுநாள் எஞ்சினை வெளியே இழுத்தோம். கயிற்றைச் சுற்றி இருபது முறை இழுத்தும் அசைவில்லை. முதலில் பிளக்கைக் கழற்றினோம். கரி படிந்திருந்தது. சுரண்டித் துடைத்து, எஞ்சினின் உடம்பில் தொடும்படி பிடித்துக்கொண்டு ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் பார்த்தார். தீப்பொறி மஞ்சளாக, சோர்ந்து வந்தது. (பெட்ரோல் கேனை அப்பால் தள்ளி வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.) பறப்புச் சக்கரத்துக்கு உள்ளேயிருக்கும் பாயிண்ட்டுகளில் வெண்ணிறமாகப் பூத்திருந்தது. அவற்றை மெல்லத் தேய்த்து, ஒரு விசிட்டிங் கார்டின் கனத்துக்கு இடைவெளி வைத்த பிறகு பொறி நீலமாயிற்று. டேங்கின் அடியில் பல ஆண்டுகளுக்கு முன் மிஞ்சிய பெட்ரோல் கெட்டியாகி, வார்னிஷ் வாடையோடு கிடந்தது. அதை வடித்துக் கழுவினோம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பழுப்பாய்ப் பிசுக்குப் பிடித்திருந்தது. ஜெட்டின் துளை பாதி அடைந்திருந்தது. அதை ஊசியால் குத்த எண்ணி, துளை பெரிதாகிவிடும் என்று அஞ்சி, மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையை விட்டு எடுத்து வாயால் ஊதினோம். காற்று வடிகட்டியின் பஞ்சு தொட்டவுடன் பொடியாய் உதிர்ந்தது.

இத்தனையும் செய்து முடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. பெட்ரோல் வேண்டும். எங்கள் மோட்டார் சைக்கிளில் சொற்பமே இருந்தது. தெருக்கடைசி வீட்டுப் பையன் ஒருவன், வயது இருபது இருக்கும், படகில் கூலிக்குப் போகிறவன், “நான் போயிட்டு வர்றேன் மாமா” என்று முன்வந்தான். எங்கள் வீட்டுக் கேனையும் பணத்தையும் கொடுத்தனுப்பினோம். அறந்தாங்கிச் சாலையில் மரங்கள் விழுந்து கிடந்த நேரம் அது. காலையில் போனவன் மாலையில்தான் ஐந்து லிட்டரோடு வந்தான். கரண்டு இல்லாததால் பங்க்கில் பில் கொடுக்கவில்லை என்றான். மீதிச் சில்லறையை எண்ணித் திண்ணையில் வைத்தான்.

மறுநாள் காலை டேங்கை நிரப்பினோம். பம்பில் தண்ணீர் ஊற்றி, சோக்கை இழுத்துக் கயிற்றைச் சுண்டியதும், நான்காம் இழுப்பில் எஞ்சின் உயிர்த்தது! குழாயில் தண்ணீர் பாய்ந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். ஆறு நிமிடம், ஏழு நிமிடம். பிறகு எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கிற்று, நின்றது. கால் மணி நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடிற்று. மறுபடி ஆறு நிமிடம். குடங்கள் வரிசையில் காத்திருக்க, ஜெட்டை மீண்டும் கழற்றினோம். பிளக்கை மாற்றினோம். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் சற்றே நன்றாக ஓடுவதுபோல் தோன்றியது. எங்களை ஏமாற்றியதும் அதுவே. பழைய எஞ்சினில் பழுது ஒன்றே ஒன்றாக இருப்பதில்லை. மூன்றைச் சரிசெய்தவன் நான்காவது இருக்காதென்று நம்பிவிடுகிறான்.

அப்போது மூத்தவருக்கு ஒரு யோசனை உதித்தது. மெக்கானிக்குகள் செய்வதைப் பார்த்திருக்கிறோம்: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி, மருத்துவமனையில் சலைன் ஏற்றுவதுபோல் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ட்யூப் வழியே நேராகக் கார்புரேட்டருக்கு விடுவார்கள். மோட்டார் சைக்கிளில் எஞ்சியிருந்த பெட்ரோலைப் பாட்டிலுக்கு மாற்றித் தொங்கவிட்டோம். எஞ்சின் தங்குதடையின்றி ஓடியது. அரை லிட்டர் தீரும்வரை ஓடியது. டேங்கிலுள்ள பெட்ரோலுக்கு மாற்றினோம். ஆறாம் நிமிடம் நின்றது.

ஐயத்துக்கு இடமில்லை என்று தோன்றியது. எங்கள் பெட்ரோலில் ஓடுகிறது. அவன் வாங்கிவந்த பெட்ரோலில் ஓடவில்லை. கேனை முகர்ந்து பார்த்தோம். மண்ணெண்ணெய் வாடை அடித்தது! அந்தக் கேன் பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கிய கேன் என்பது அந்நேரம் எங்கள் இருவருக்கும் நினைவில் இல்லை. பில் இல்லை என்று அவன் சொன்னதுதான் நினைவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவன் குடத்தோடு வரிசையில் நின்றபோது, தெரு முழுவதும் கேட்க, அந்தச் சொல் சொல்லப்பட்டது. “எங்கே தம்பி வாங்கினே? பாதி மண்ணெண்ணெயைக் கலந்து கொடுத்து மிச்சக் காசை எவன் எடுத்துக்கிட்டான்?” அவன் ஒன்றும் பேசவில்லை. எங்களைப் பார்த்தான். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு, வெறுங்குடத்தோடு, திரும்பிப் போனான். வரிசையில் நின்ற அவன் தாயாரும் பின்னாலேயே போனார்.

அடுத்த நான்கு நாட்கள் எல்லோரும் கயிறும் வாளியுமாய்க் கையால் இறைத்தோம். அவ்வீட்டிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. தொலைவில் எங்கோ கைப்பம்பில் அடித்துக்கொண்டு வந்தார்கள் என்று பின்னர் அறிந்தோம்.

சனிக்கிழமை, கட்டுமாவடி முக்கத்தில் முன்பு பட்டறை வைத்திருந்த ஒரு முதியவர் தண்ணீருக்கு வந்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். படகு எஞ்சின், பம்பு எஞ்சின் என்று நாற்பது ஆண்டுகள் கையில் கிரீஸோடு வாழ்ந்தவர். கண்பார்வை மங்கிவிட்டதால் தொழிலை விட்டிருந்தார். எஞ்சினைப் பார்த்ததும், “ஒங்க அத்தாவோடதா?” என்று கேட்டுத் தடவிக்கொடுத்தார். கதையெல்லாம் கேட்ட பிறகு அவர் எங்களிடம் வினவியது ஒன்றே:

“சாகும்போது எப்படிச் சாகுது, தம்பி? பொட்டுன்னு போகுதா, இழுத்துக்கிட்டுப் போகுதா?”

இழுத்துக்கொண்டு போகிறது என்றோம். பொறி தவறினால் எஞ்சின் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். எரிபொருள் போதாமல் நின்றால் ஏறி இறங்கி, இருமி, மெல்ல நிற்கும் என்றார். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ பதினைந்து பங்கு எடையுள்ள காற்று சேர்ந்தால்தான் எரிதல் சீராயிருக்கும் என்பது மூத்தவர் வகுப்பில் பாடமாகச் சொன்னதுதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த விகிதம் கெட்டு எஞ்சின் திணறும். அதைக் காதால் கேட்க அவர் கற்றிருக்கவில்லை. நிற்கப்போகும் தறுவாயில் சோக்கை இழுக்கச் சொன்னார் பாய். இழுத்தோம். எஞ்சின் ஒரு நொடி நிமிர்ந்து, பின் நின்றது. “பசிதான்” என்றார். “சோறு எறங்கல.”

“சோறே கெட்டுப்போன சோறு, பாய்” என்று பையனின் கதையைச் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பையன் கொண்டாந்த பெட்ரோலையே பாட்டில்ல ஊத்துங்க” என்றார்.

இத்தனை எளிய ஒன்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டு இழுத்தோம். எஞ்சின் ஓடியது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், பாட்டிலின் கடைசிச் சொட்டுவரை ஓடியது. அச்சத்தம் அன்று எங்கள் காதுக்கு இனிக்கவில்லை.

பள்ளியில் முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார்! நாங்கள் பெட்ரோலையும் மாற்றினோம், பாத்திரத்தையும் மாற்றினோம். பாத்திரத்தை மாற்றியதை ஒரு மாற்றமாகவே எண்ணவில்லை. மனம் ஏற்கெனவே குற்றவாளியைத் தேர்ந்துவிட்டிருந்தது. வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் கறை நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையைப் பெட்ரோல் பங்க்குகளிலேயே கேட்டுப் பெறலாம். அவர் அதையும் அறிந்தவர். அன்று அதைச் செய்யவில்லை.

பாய் டேங்கை நிரப்பி மூடியை இறுக்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு கையை மூடியின்மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஆறாம் நிமிடம் திணறல் தொடங்கியதும் மூடியைத் திருகித் தளர்த்தினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஒலி எங்கள் இருவருக்கும் கேட்டது. எஞ்சின் உடனே நிமிர்ந்து, சீராக முழங்கிற்று.

மூடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தோம். அதன் நடுவில் காற்றுப் போவதற்கென்று ஊசிமுனையளவு துளை ஒன்று உண்டு. நீல எனாமல், இரண்டு பூச்சு, அதை அழகாக மூடியிருந்தது.

அங்கே நின்ற இளையவரின் மனைவி, “நல்லெண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போட்டாத்தானே எண்ணெய் எறங்கும்!” என்று வெகு இயல்பாகச் சொன்னார். அவ்வளவுதான் விஷயம். டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது. இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும். வெளியே உள்ள காற்று பெட்ரோலைக் கீழே விடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றுக்கு எடையுண்டு, அது எல்லாவற்றின்மீதும் அழுத்துகிறது என்பதை இத்தாலியரான டாரிசெல்லி 1643-இல் பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். அதன்பின் 1648-இல் பாஸ்கல் தம் மைத்துனரை மலையேறச் செய்து, உயரே போகப் போக அவ்வழுத்தம் குறைவதை நிறுவினார். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரும்வரை எங்கள் எஞ்சின் ஓடியது, தீர்ந்ததும் நின்றது. நாங்கள் குழம்பித் திரிந்த கால் மணி நேரத்தில் மூடியின் மரைவழியே சிறிது சிறிதாகக் காற்றுக் கசிந்து உள்ளே போனதால் மறுபடி ஓடியது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே திணறல் விரைவில் வந்துவிடும். பாட்டிலின் வாயோ திறந்தே இருந்தது.

பாய் ஒரு சேஃப்டி பின் கேட்டார். தம் மங்கிய கண்ணருகே மூடியைப் பிடித்து, பெயின்டைக் குத்தி எடுத்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். கூலி என்று எதையும் வாங்கவில்லை. இரண்டு குடம் தண்ணீரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படும்போது மட்டும், “அந்தப் பையன் வீட்டுக் கூரை போயிருச்சு, தெரியும்ல?” என்றார்.

எங்களுக்குத் தெரியாது. எட்டு நாட்களாக ஒரே தெருவில் இருந்தும் தெரியாது. தென்னையைக் கணக்கெடுப்பதிலும் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதிலும் இருந்துவிட்டோம்.

அன்று மாலையே போனோம். ஓடு பறந்த வீட்டின்மேல் தார்ப்பாய் கட்டி, காற்றில் அது பறக்காமல் இருக்க வலையின் ஈயக்குண்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் வாசலில் கிழிந்த வலையை விரித்துப் போட்டு முடிந்துகொண்டிருந்தான். கூரையில்லாத வீட்டை அப்படியே விட்டுவிட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காகப் பெட்ரோல் வாங்கப் போயிருந்தான். நாங்கள் மூடியைக் கையோடு கொண்டு போயிருந்தோம். அதைக் காட்டி விளக்கத் தொடங்கினோம். துளை, பெயின்ட், காற்று என்று சொல்லிக்கொண்டே போனபோது, விளக்கம் நீளுகிறதே தவிர, சொல்ல வந்தது இன்னும் சொல்லப்படவில்லை என்பது எங்களுக்கே புரிந்தது. நிறுத்திவிட்டு, “தப்பு எங்க மேலதான், தம்பி. தெருவுக்கு நடுவுல வச்சுச் சொன்னோம், நாளைக்குத் தெருவுக்கு நடுவுலயே வச்சு இதையும் சொல்றோம்” என்றோம்.

அவன் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவனோ வலையிலிருந்து கண்ணெடுக்காமல், “எஞ்சின் ஓடுதா மாமா?” என்று கேட்டான்.

ஓடுகிறது என்றோம்.

மறுநாள் பூசை முடிந்து வந்தபின், கிணற்றடியில், வரிசையில் நின்ற அனைவர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னோம். சிலர் தலையசைத்தார்கள். சிலர் குடம் நிறைகிறதா என்பதில் கவனமாயிருந்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். பழியைக் கேட்டபோது அவர்களிடம் இருந்த ஆர்வம் இதைக் கேட்டபோது இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறோம். மதியத்தில் அவன் தாயார் குடத்தோடு வந்தார். எங்களிடம் பேசவில்லை, தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு போனார். எங்களோடு பேச அவருக்குக் கிறிஸ்துமஸ் கழிய வேண்டியிருந்தது.

அந்த எஞ்சின் இன்றும் இருக்கிறது. 2022-இல் பெட்ரோலில் பத்து விழுக்காடாக இருந்த எத்தனால் கலப்பு, 2025-இல் இருபது விழுக்காடு ஆயிற்று. சாராயம் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் ட்யூப்புகளை இளகச் செய்யும். ஆகவே ட்யூப்புகளைப் புதிதாக மாற்றினோம். வேலை முடிந்தால் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டே சாக்குப் போர்த்துகிறோம். பெயின்ட் மறுபடி அடித்தோம். மூடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு அடித்தோம்.

அவ்வாண்டு நவம்பர் கடைசியில் பெட்ரோல் தீர்ந்தது. இன்னும் மின்சாரம் வரவில்லை. வேறு எவரையாவது அனுப்பலாம் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் தானாகவே வந்து கேனை எடுத்தான். பணத்தை நீட்டினோம். வாங்கவில்லை.

“நீங்க யாராச்சும் ஒருத்தர் கூட வாங்க, மாமா. பெட்ரோல் ஊத்தும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கங்க.”

அவன் குரலில் கோபம் இல்லை. எங்களுள் ஒருவர் கேனை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் ஏறி அமர்ந்தார். அறந்தாங்கிச் சாலையில் வெட்டி ஒதுக்கப்பட்ட மரங்கள் இருபுறமும் கிடந்தன. போகும்போதும் வரும்போதும் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.